விடுவதற்காகப் பிடிப்பது

எங்கள் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு குளக்கட்டில் குந்தியிருப்பவனுக்கு நல்ல பெயர் கிடையாது. வலை வீசுகிறவன் தொழிலாளி. கரப்புப் போடுகிறவன் வீட்டுக் கறிக்கு வழி பார்க்கிறவன். தூண்டில்காரனோ வேலைவெட்டி இல்லாதவன். மாப்பிள்ளை விசாரித்து வருபவர்களிடம், "பொடியன் நல்ல பொடியன்தான், பின்னேரத்தில தூண்டில் போடுவான்" என்று யாராவது சொல்லிவிட்டால் சம்பந்தம் சற்று ஆட்டங்கண்டுவிடும். நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் படிப்பிக்கிறவன். இன்றும் பாடசாலை விட்டபின் தங்கூசியையும் மண்புழு டப்பாவையும் எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போகும்போது சந்தியில் நிற்பவர்கள் ஒரு மாதிரிச் சிரிப்பதைக் காண்கிறேன்.

இப்படிச் சிரிக்கப்படுகிறவர்கள்தான் ஆறுகளையும் குளங்களையும் காப்பாற்றக்கூடியவர்கள் என்றொரு கருத்து மேற்கு நாடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வயிற்றுக்காக அன்றி இன்பத்துக்காக மீன் பிடிப்பவன், அந்த இன்பம் நாளைக்கும் கிடைக்க வேண்டுமென்று விரும்புவான். ஆகையால் தண்ணீரைப் பழுதாக்க விடமாட்டான் என்பது அந்தக் கருத்தின் சாரம். கேட்பதற்கு இது பணக்காரர்களின் சமாதானம் போலத் தோன்றும். ஆனால் வெறும் சமாதானம் என்று தள்ளிவிட முடியாதபடி சில உண்மைகள் குறுக்கே நிற்கின்றன.

இங்கிலாந்தின் டார்பி நகரத்து வழக்கு அவற்றில் ஒன்று. அந்நகரை ஒட்டி டர்வென்ட் என்றோர் ஆறு ஓடுகிறது. செயற்கைப் பட்டு செய்யும் பெரிய தொழிற்சாலையொன்று தன் கழிவை அதில் விட்டது. மாநகரசபை மலக்கழிவை விட்டது. மின்சார அதிகாரசபை தன் நிலையத்திலிருந்து வெந்நீரை விட்டது. ஆற்றில் மீன் இல்லாமற் போயிற்று. இந்த மூன்று யானைகளையும் நீதிமன்றுக்கு இழுத்தது, மருத்துவர் சங்கமோ விவசாயிகளோ அல்ல. உள்ளூர்த் தூண்டில்காரர்களின் கழகம் ஒன்று. அவர்கள் வென்றார்கள். 1952இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்து, ஆற்றை அழுக்காக்குவதை நிறுத்தும்படி கட்டளையிட்டது. மாநகரசபை பொதுமக்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தவென்றே 1948இல் ஜோன் ஈஸ்ட்வுட் என்ற சட்டத்தரணியின் முயற்சியால் அந்நாட்டில் தூண்டில்காரர்களின் கூட்டுறவுச் சங்கமொன்று தோன்றியிருந்தது. அமெரிக்காவிலோ 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி தூண்டிற் கோலுக்கும் உருளைக்கும் அறவிடப்படும் வரி நேரே மீன்வளத்தைப் பேணுவதற்குச் செல்கிறது.

டார்பிக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வெற்றியல்ல. ஆறு செத்துக்கொண்டிருப்பதை முதலில் அறிந்தவர்கள் யார் என்பதுதான். பாலத்தின் மேல் தினமும் ஆயிரம் பேர் போயிருப்பார்கள். அவர்களுக்கு ஆறு என்பது கீழே கிடக்கும் ஒரு நிறம். அதன் கரையில் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருப்பவனுக்குத்தான் நேற்றிருந்த பாசி இன்றில்லை, தண்ணீர் கையில் சுடுகிறது, புழுவை இழுத்துப்போகும் பொடிமீன்கூட வரவில்லை என்பதெல்லாம் தெரியும். விளையாடும்போதுதான் பிள்ளை ஒரு பொருளை முழுதாகக் கவனிக்கிறது என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வளர்ந்தவனுக்கும் அது பொருந்தும்போலும்.

இதையெல்லாம் ஒருநாள் ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடித்த மீனை நிறுத்துப் பார்த்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, மீண்டும் தண்ணீரில் விட்டுவிடும் வழக்கத்தைப் பற்றியும் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழுந்தான். அவனுடைய வாப்பா குளத்தில் தோணி வைத்து வலை போடுகிறவர்.

"புடிச்ச மீன உடுறெண்டா என்னத்துக்கு சேர் புடிக்கிற?"

வகுப்பு சிரித்தது. நான் அந்தப் பாடவேளை முடியும்வரை ஏதோ சொல்லிச் சமாளித்தேனாயினும், அவன் கேட்டது சிரிப்புக்குரிய கேள்வியல்ல. ஐரோப்பாவில் சட்டம் இயற்றுகிறவர்களே அதைக் கேட்டிருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, விட்டுவிடும் எண்ணத்துடன் மீன் பிடிப்பது குற்றம். பிடித்தால் உண்ண வேண்டும். உண்ணும் எண்ணம் இல்லையென்றால் பிடிக்கக்கூடாது. ஜெர்மனியிலும் ஒரு விலங்குக்கு வேதனை தருவதற்குத் தக்க நியாயம் வேண்டும் என்கிறது சட்டம்; உணவு நியாயம், வெறும் விளையாட்டு நியாயமாகாது. இதே காலத்தில் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சில ஆறுகளில் பிடித்த மீனை விடாமல் கொண்டுபோவது குற்றமாக இருந்தது. ஓரிடத்தில் விடுவது குற்றம், இன்னோரிடத்தில் விடாதது குற்றம். இரண்டையும் எழுதியவர்கள் மீனின் நன்மையைக் கருதியே எழுதியதாகச் சொல்கிறார்கள்.

மீனுக்கு நோகுமா என்ற கேள்விக்கு அறிஞர்களிடையே ஒருமித்த விடை இல்லை. 2002இல் ஜேம்ஸ் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நோவை நோவாக உணர்வதற்குரிய மூளைப்பகுதி மீனுக்கு இல்லை என்று எழுதினார். மறுவருடமே பிரித்தானியாவில் லின் ஸ்னெடனும் அவரோடு சேர்ந்தவர்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஏற்றிப் பார்த்தனர். அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களில் தேய்த்தன. விஷமோ அமிலமோ ஏற்றப்பட்டவை உடலை இருபுறமும் ஆட்டின. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. இதைத் துன்பம் என்று சொல்லக்கூடாதென்றால் வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கைக்குள் அந்த உடல் துடிப்பதை உணர்ந்தவனுக்கு ஆய்வுகூடம் தேவையுமில்லை.

சுவிஸ் நாட்டின் விதியை வாசித்தபோது எங்கள் ஃபிக்ஹு நூல்கள்தான் நினைவுக்கு வந்தன. தேவைக்கு வேட்டையாடுவதை அனுமதித்த இமாம்கள், பொழுதுபோக்குக்காக மட்டும் வேட்டையாடுவதை வெறுக்கத்தக்கதாகவே கண்டார்கள். உயிருள்ளதைக் குறிபார்க்கும் இலக்காக வைப்பது தடுக்கப்பட்டிருக்கிறது. மீன் அறுக்காமலே ஹலால் என்பதால் அதன் உயிரின் பெறுமதி குறைந்துவிட்டதென்று ஆகாது. பின்வாங்குப் பொடியன் ஃபிக்ஹு படித்தவனல்லன். ஆனாலும் அவன் கேட்டதன் அடியில் அதே நியாயம்தான் இருந்தது. பசி ஒரு காரணம், மற்றது எதற்கு?

இந்த இடத்தில் வாதத்தை முடித்துவிட்டுத் தூண்டிலை முறித்துப்போடலாம். ஆனால் அப்படி முறித்த ஓர் இடத்தின் கதையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அது காவிரியின் கதை.

காவிரி நமக்குப் புத்தகங்களில் ஓடும் ஆறு. கர்நாடகத்தின் காடுகளுக்குள், ஒகேனக்கல்லுக்கு மேலே, பாறைகளுக்கிடையில் ஆழமான மடுக்கள் கொண்ட ஒரு பகுதி அதற்கு உண்டு. அங்கே மஹசீர் என்றொரு மீன். கெண்டைச் சாதிதான், ஆனால் கெண்டையைப் பார்த்த கண்ணால் அதைக் கற்பனை செய்ய முடியாது. முதுகு திமில்போல எழுந்து நிற்கும். செட்டைகள் செம்மஞ்சள். 1946இல் மைசூரில் வாழ்ந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அந்த நீர்த்தொகுதியில் பிடித்த மஹசீர் 120 இறாத்தல். ஏறக்குறைய 54 கிலோ. நாலாம் தரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரின் நிறை. மதராஸ் மாகாணத்தில் அரச அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் இந்தியத் தூண்டிற் கலையைப் பற்றி 1873இல் நூல் எழுதிய காலத்திலிருந்தே வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்த மீன் மேல் பெரும் மோகம்.

துரைமார் போனபின் அந்த மடுக்களுக்கு வெடி வந்தது. ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டால் பெரிதும் சிறிதும் குஞ்சும் முட்டையும் எல்லாம் முடிந்துவிடும். வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமே தடுத்திருந்தது. காட்டுக்குள் சட்டத்தைக் கொண்டுபோக ஆள் வேண்டாமா? 1972இல் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் உருவாகி ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தது. பின்னர் கர்நாடக அரசின் சுற்றுலா விடுதி நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்களி என்ற இடங்களில் தூண்டில் முகாம்களை நடத்தியது. வெளிநாட்டார் காசு கொடுத்து வந்தார்கள். இரை வேறெதுவுமல்ல, குரக்கன் மாவைக் களியாகக் கிண்டிப் பிடித்த உருண்டை. பிடித்த மஹசீரை விட்டே ஆகவேண்டும். வழிகாட்டிகளாகவும் காவலாளிகளாகவும் அமர்த்தப்பட்டவர்களுள், முன்பு களவாக மீன் பிடித்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் இருந்தார்கள். ஆற்றின் எந்த மடுவில் எது கிடக்கும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்! செத்த மீனால் ஒருநாட் காசு, உயிருள்ள மீனால் வருடம் முழுக்கச் சம்பளம் என்று கணக்கு மாறியபோது வெடிச்சத்தம் அடங்கியது.

2012இல் இது நின்றது. அந்தப் பகுதி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அடங்குவதால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அங்கே தூண்டில் போடுவதும் வேட்டையே என்று கொள்ளப்பட்டது. சட்டத்தின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. மான் வேட்டை கூடாத காட்டில் மீன் வேட்டை மட்டும் எப்படிக் கூடும்? ஆனால் தூண்டில்காரன் போனதும் அவன் காசில் வாழ்ந்த காவலும் போயிற்று. ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் இதைச் சுட்டிக்காட்டி, மஹசீரைக் காப்பதில் தூண்டில்காரர்களுக்கும் பங்குண்டு என்று எழுதினார்கள்.

இவ்வளவோடு கதை நின்றிருந்தால் தூண்டில்காரன் தியாகி ஆகியிருப்பான். கதை நிற்கவில்லை.

முகாம்களில் ஒரு வழக்கம் இருந்தது. பிடித்த ஒவ்வொரு மீனையும், அதன் நிறையையும், எத்தனை மணித்தியாலம் காத்திருந்தார்கள் என்பதையும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். விஞ்ஞானத்துக்காக எழுதியதாக நான் நினைக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பெருமையடிக்கவே பாதி எழுதியிருப்பார்கள். கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட ஏடுகளைப் பிண்டரும் ராகவனும் இன்னொருவரும் சேர்ந்து கணக்கிட்டார்கள். 23,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட காத்திருப்பு. 6,000க்கு மேற்பட்ட மீன்கள். மொத்தமாகப் பார்த்தபோது வருடத்துக்கு வருடம் மீன்கள் கூடியிருந்தன. சராசரி நிறை குறைந்திருந்தது, அதாவது இளம் மீன்கள் பெருகியிருந்தன. காவல் பலன் தந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிறகு இனம் பிரித்துப் பார்த்தார்கள். பெருகியிருந்தது நீலச்செட்டை மஹசீர். அது காவிரியின் மீனே அல்ல. வடக்கே கிருஷ்ணா நதித் தொகுதியைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் உள்ள பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, மீன்வளத்தைப் பெருக்குவதாக எண்ணிக் காவிரியில் கொண்டுவந்து விட்டது. விடச் சொன்னவர்களிலும் விட்டவர்களிலும் ஆற்றை நேசித்தவர்கள் இருந்தார்கள், தூண்டில்காரர்களும் இருந்தார்கள். நீலச்செட்டை பெருகப் பெருகத் திமில் மீன் ஏட்டிலிருந்து மறைந்துகொண்டே போயிற்று. அணைகளும் மணல் அகழ்வும் நீர் குறைந்ததும் தங்கள் பங்கைச் செய்திருக்கும். என்றாலும் ஒன்று ஏறவும் மற்றது இறங்கவும் ஒரே ஏட்டில் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

அதிலும் பெரிய வெட்கம் ஒன்றுண்டு. நூறு வருடங்களுக்கு மேலாக உலகத்துத் தூண்டில்காரர்களெல்லாம் தேடிவந்த அந்தத் திமில் மீனுக்குச் சரியான விஞ்ஞானப் பெயர்கூட நிலைபெற்றிருக்கவில்லை. காவிரியின் கிளையான பாம்பாற்றில், கேரளத்துப் பக்கம் கிடைத்த சிறிய மாதிரிகளை வைத்து ஏற்கெனவே தோர் ரெமாதேவி என்று பெயரிடப்பட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என்று 2018இல்தான் உறுதியாயிற்று. அதே வருட மதிப்பீட்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் நிற்பவற்றின் வரிசையில் சேர்த்தது. தமிழ்நாட்டு எல்லையில், நீலகிரிக் காடுகளை ஒட்டி ஓடும் மோயாறுதான் அது இன்னும் வாழும் ஓரிடமாக அறியப்படுகிறது. பெயர் தெரியாத ஒன்றை இத்தனை காலம் காதலித்திருக்கிறார்கள். எந்த மஹசீராக இருந்தாலென்ன, கோல் வளைந்தால் போதும் என்ற மனநிலை இல்லாமல் இது நடந்திருக்க முடியுமா?

ஆகவே தூண்டில்காரன் தண்ணீரைக் காப்பானா என்று கேட்டால், காப்பான் என்றே நான் சொல்வேன். அவன் காப்பது தன் கையில் உணரும் அந்த இழுவையை. இழுவைக்குத் தண்ணீர் தேவைப்படுவதால் தண்ணீரும் காக்கப்படுகிறது. கழிவு வந்தால், வெடி வந்தால் இழுவை போய்விடும். எனவே வழக்குப் போடுவான், காவல் வைப்பான். ஆனால் இழுவை தராத ஒன்று அழியும்போது அவனுக்கு அது தெரியாது. இன்னும் நன்றாக இழுக்கும் மீனொன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்ற ஆசை வரும்போது அவனைத் தடுக்க அவனுக்குள் எதுவுமில்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுண்டு. 1882இல் பிரித்தானியர் டிரவுட் மீனை நுவரெலியாப் பகுதியின் குளிர்ந்த ஓடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். இலங்கை மீன்பிடிக் கழகம் 1896இல் தோன்றி அந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து ஓடைகளில் விட்டுப் பராமரித்தது. தேயிலைத் தோட்டத் துரைமார் தம் ஊர் ஞாபகத்தைக் கரையில் நின்று தூண்டிலால் இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றும். ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் உலகில் வேறெங்குமில்லாத சின்னஞ்சிறு நன்னீர் இறால் ஒன்று வாழ்கிறது. அதை எந்தத் துரையும் தேடி வந்ததில்லை. அதற்கென்று எந்தக் கழகமும் தோன்றவில்லை.

வந்தேறி மீன் என்றாலே கூடாது என்று நான் சொல்ல வந்ததாக யாரும் எண்ண வேண்டாம். எங்கள் வீடுகளில் ஜப்பான் மீன் என்று சொல்லிப் பொரித்துத் தின்னும் திலாப்பியா 1952இல் வந்தது. ஜப்பானுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆபிரிக்காவின் மீன். அது வந்ததால் நம் குளங்களின் பழைய மீன்களுக்கு என்ன நேர்ந்தது என்பது தனிக் கதை. ஆனால் அரிசிக்கு வழியிருந்தும் கறிக்கு வழியில்லாத எத்தனையோ வீடுகளில் அது சட்டியை நிரப்பியிருக்கிறது. பசிக்காகக் கொண்டுவந்ததையும் விளையாட்டுக்காகக் கொண்டுவந்ததையும் ஒரே தராசில் நிறுக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரைக் காக்க விளையாட்டை விட்டால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. சிருங்கேரிக் கோயிலடியில் துங்கை ஆற்று மீன்களை யாரும் தொடமாட்டார்கள். சிட்டகொங்கில் பாயஸீத் பிஸ்தாமி தர்காவின் குளத்து ஆமைகளைக் காலங்காலமாக ஸியாரத்துக்கு வருகிறவர்கள் உணவூட்டிக் காத்தார்கள். அந்த இனம் இயற்கைச் சூழலில் அற்றுப்போய்விட்டது என்று 2002இல் அறிவிக்கப்பட்டபோதும் அந்தக் குளத்தில் அது உயிரோடிருந்தது. தர்கா வழக்கங்கள் பற்றி நம்மிடையே வேறு வேறு கருத்துகள் இருக்கலாம். ஆமைக்கு அந்தச் சர்ச்சை தெரியாது. ஆனால் பக்தி காப்பதும் ஒரு படித்துறையை, ஒரு குளத்தை. படித்துறைக்குக் கீழே ஆறு எப்படிப் போனாலும் அதற்குக் கவலையில்லை. எந்தப் பற்றுக்கும் இப்படியோர் எல்லை இருக்கும்போலிருக்கிறது.

இவ்வளவும் எனக்கு ஏட்டுக் கேள்வியாகவே இருந்திருக்கும், சென்ற வருடம் எங்கள் குளத்துக்கு ஒருவர் வந்திராவிட்டால். வெளியூர்க்காரர். சுற்றுலா விடுதி நடத்துகிறவர். நன்னீர் மீனவர் சங்கத்தைக் கூட்டி ஒரு திட்டத்தை முன்வைத்தார். குளத்தின் ஒரு பகுதியைத் தன்னிடம் விட வேண்டும். அங்கே வலை போடக்கூடாது. வெளிநாட்டுப் பயணிகள் தூண்டில் போட்டுப் பிடித்துப் பிடித்து விடுவார்கள். சங்கத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை. இரவில் வேற்றூரிலிருந்து வந்து தங்கூசி வலையும் சின்னக்கண் வலையும் போட்டுக் குஞ்சோடு வாரிக்கொண்டு போகிறவர்களைத் தடுக்க இரண்டு காவலாளிகளைத் தன் செலவில் வைப்பார். அதோடு, பெரிதாக வளர்ந்து பலமாக இழுக்கக்கூடிய ஒரு மீனின் குஞ்சுகளையும் தன் செலவிலேயே கொண்டுவந்து விடுவார். திணைக்களத்து அனுமதியெல்லாம் தன் பொறுப்பு என்றார். கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது. வாசித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

காவிரிக் கதை முழுவதையும் அந்த நாலு பக்கத்துக்குள் கண்டேன். நல்லதும் அதே, கெட்டதும் அதே.

அவர் கேட்ட பகுதி மதகடி. மாரியில் வான் பாயும்போது குளம் முழுக்க மீன் பரவிக் கிடக்கும். அப்போது எங்கே வலை போட்டாலென்ன? கோடையில் தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் வெடித்துக் கிடக்கும்போது மீனெல்லாம் ஒதுங்குவது மதகடி ஆழத்துக்குத்தான். அந்த இரண்டு மூன்று மாதமும் இருபது குடும்பத்தின் அடுப்பு அந்த ஆழத்தை நம்பித்தான் எரிகிறது. கடதாசியில் அது மூன்றிலொரு பங்கு நீர்ப்பரப்பு. கோடையில் அதுவே முழுக் குளம்.

சங்கத்தின் மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் காக்கா, பேச்சு முடியும்வரை வெற்றிலை சப்பிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நாங்க வயித்துக்குப் புடிக்கிறம். அவங்க வெளையாட்டுக்குப் புடிக்கிறாங்க. வெளையாடுறவன்ட மீனத் திண்டா நாளைக்கு நாங்கதானே கள்ளன், சேர்?"

குத்தகை எடுத்த நீரில் நடப்பது அதுதான். நேற்றுவரை பிள்ளைக்குக் கறி கொண்டுபோனவன், கோடு கீறிய மறுநாள் களவாளி. காவிரியிலும் களவாளிகள் என்று பெயரெடுத்தவர்களில் எத்தனை பேர் இப்படிக் கோடு கீறியதால் களவாளியானவர்கள் என்று அந்த ஏடுகளில் எழுதியிருக்காது. அவர்களுக்குப் பின்னர் வேலை கொடுத்தது நல்ல காரியம். ஆனால் வேலை கொடுத்தவன் போனபோது வேலையும் போயிற்று. கோடு மட்டும் இருந்தது.

ஆனாலும் அந்த மனிதரைத் திருப்பி அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு என்மேல் இதனால் வருத்தம். இரவு வலைக்காரர்களை நாங்கள் ஒருவரும் தடுக்கவில்லை என்பதும் உண்மைதானே? சங்கம் எத்தனையோ முறை கடிதம் எழுதியது. விடியற்காலையில் குளக்கட்டில் விரலளவு விரால் குஞ்சுகள் காய்ந்து கிடப்பதைக் கண்டபடிதான் நான் பாடசாலைக்குப் போகிறேன். பயணி ஒருவர் முள்ளால் ஒரு மீனின் வாயைக் கிழிப்பதையும், இந்தக் குஞ்சுக் குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது பெரிய பாவம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மீன் நோகிறது என்பதை ஒத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். ஆளில்லாத கரையைவிட, விளையாடுவதற்காவது ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் கரை மேல். அந்த ஆளின் கையில் எதையெல்லாம் கொடுக்கலாம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மூன்று திருத்தங்களை எழுதிக் கொடுத்தேன். கோடையில் மதகடி வலைக்காரர்களுக்கே. வெளியிலிருந்து ஒரு குஞ்சுகூட குளத்தில் விடக்கூடாது. பிடிபடும் மீன் எல்லாம், தூண்டிலில் பிடிபட்டாலும் வலையில் பட்டாலும், இனம் இனமாக ஏட்டில் எழுதப்பட வேண்டும். ஏடு சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். யார் எழுதுவது என்றார்கள். எங்கள் பாடசாலைச் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் எழுதுவார்கள் என்றேன். திட்டம் வருகிறதோ இல்லையோ, அந்த வேலை இப்போது தொடங்கிவிட்டது. காலையில் தோணிகள் கரைசேரும் நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கொப்பியோடு நிற்கிறார்கள். பின்வாங்குப் பொடியனும் அவர்களில் ஒருவன். தன் வாப்பாவின் மீனைத் தானே எண்ணுவதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விடுதிக்காரர் முதல் திருத்தத்துக்கு உடன்பட்டார். ஏட்டைப் பற்றி அவருக்கு ஆட்சேபனை இல்லை. குஞ்சு விடக்கூடாது என்ற இடத்தில்தான் நிற்கிறார். ஜப்பான் மீனை இழுத்துப் பார்க்க யாரும் விமானமேறி வரமாட்டார்கள் என்கிறார். அவர் சொல்வதிலும் பொய்யில்லை. சங்கத்தில் இளைஞர்கள் சிலர், குஞ்சுதானே, விட்டால் நமக்கும்தானே வளரும் என்கிறார்கள். காக்கா இன்னும் வெற்றிலை சப்பிக்கொண்டிருக்கிறார். விடுதிக்காரர் வேறு குளத்தைத் தேடிப் போய்விட்டால் இரவுக் காவலுக்கு யார் என்ற கேள்விக்கு இதுவரை கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டம் பெருநாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.